எண்பத்தைந்துக்கு மேல்

எண்பத்தைந்து டெசிபலைத் தாண்டினால்
காதடைப்பான் கட்டாயம்.
ஹித் கப்பல் பட்டறையில்
அரபி, இந்தி, மலையாளம், தமிழ் என்று
நாலு மொழியில் அந்தப் பலகையை மாட்டியவன் நான்.
தமிழில் ஓர் எழுத்துப்பிழை உண்டு.
மூன்று வருடமாக யாரும் சொல்லவில்லை.

வியாழன் இரவு.
சல்மாபாத்தில் ஒரு டயர் கடையின் மாடி.
படியேறும்போதே ரப்பர் வாசனை.
மூன்று தினார் வாங்கிக்கொண்டு
மணிக்கட்டில் முத்திரை குத்துகிறாள் ஒருத்தி.
கழுத்தில் கம்பெனி அட்டையைக் கழற்ற மறந்திருக்கிறேன்.
"இன்ஸ்பெக்‌ஷனா?" என்கிறாள்.

இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்
அதைத்தான் செய்கிறேன்.
சுவர் முழுக்க ஆணியடித்த முட்டை அட்டைகள்.
ஜன்னலை அடைத்து நிற்கிறது
ஊருக்குப் போன யாரோ விட்டுச்சென்ற மெத்தை.
அவசர வழி: இல்லை.
தீயணைப்பான்: ஒன்று, காலாவதி.
தலைகள்: இருபத்தாறு.
இருபத்தேழாவது சகாயராஜ்,
கயிற்றில் தொங்கிக் கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பவன்,
முதல்முறை வருகிறான்,
இஸ்திரி போட்ட சட்டையில்.

டிரம்ஸில் ரொமெல்.
வாரம் ஆறு நாள் ஜுஃபேரில் ஓட்டல் வரவேற்பறையில்
கோப்பைகள் நடுங்காதபடி
காதல் பாட்டுக்குத் தாளம் தட்டுகிறவன்.
இங்கேதான் தெரிகிறது
அவனுக்குத் தோள்கள் இருப்பது.
பாடுபவள் ஷைமா.
மருந்துக்கடையில்
'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதித் தருகிற மெல்லிய குரல்,
மைக்கைப் பிடித்ததும்
அடிவயிற்றிலிருந்து
துருப்பிடித்த நங்கூரச் சங்கிலியை
கண்ணி கண்ணியாக இழுத்து
எங்கள்மேல் எறிகிறது.

"ஒரு வார்த்தை புரியலையே சார்."
"எனக்கும்தான்."
"அப்புறம் எதுக்கு அழுவுறீங்க?"
ஏசியிலிருந்து சொட்டுகிறது என்றேன்.
ஏசி அந்தப் பக்கம் இருந்தது.

மீட்டரை எடுத்து வந்திருந்தேன்.
வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.
நூற்றுப் பதினான்கு.
விதிப்படி இங்கே ஒரு மனிதன்
முப்பத்தைந்து வினாடி நிற்கலாம்.
பாக்கெட்டில் எப்போதும் கிடக்கும்
ஆரஞ்சு நுரை அடைப்பான் ஒரு ஜோடி.
விரல் அதைத் தொட்டது,
பிறகு விட்டுவிட்டது.

நடுவில் வட்டம் திறந்தது.
தோளும் தோளும் மோத
"சண்டையா?" என்றான் சகாயராஜ்.
பதில் சொல்வதற்குள் அவனே உள்ளே இருந்தான்.
இரண்டாவது சுற்றில் விழுந்தான்.

போன மார்ச்சில்
தொட்டிக்குள் ஒருவன் விழுந்தபோது
படிவத்தை நிரப்பியது நான்.
ஒன்பதாவது கட்டம்: அருகில் இருந்தவர்கள்.
யாரும் பெயர் தரவில்லை.
கோடு போட்டேன்.

இங்கே அவன் முழங்கால் தரை தொடுமுன்
அக்குளுக்குள் நாலு கைகள்.
ஒருவன் அவனைச் சுற்றி முதுகால் அணை கட்டினான்.
இன்னொருவன் ஒரு மூக்குக்கண்ணாடியை
விளக்கை நோக்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டு
யாருடையது, யாருடையது என்று
வாயசைத்தான்.
பாட்டு நிற்கவில்லை.

ஒரு மணிக்குக் கோல்ட் ஸ்டோர் வாசலில் கரக் டீ.
சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.
சகாயராஜ் ஏதோ சொல்கிறான்,
பஞ்சுக்குள்ளிருந்து வருகிறது.
"என்ன?"
"என்ன?"
இருவரும் கத்துவதைப் பார்த்து
கடைக்காரர் தெருப்பூனைக்கும் எங்களுக்கும் சேர்த்து
கை ஓங்கினார்.

சனிக்கிழமை காலை ஐந்தரை.
கம்ப்ரஸர் இன்னும் போடவில்லை.
உலர்துறையில் காலி அளவு எடுக்க வேண்டும்.
மீட்டர் சொல்கிறது: நாற்பத்தொன்று.
காதுக்குள் ரொமெலின் ஜால்ரா
இன்னும் அணையாமல் ரீங்கரிக்க
கையெழுத்துப் போடாமல் கொஞ்சம் நின்றேன்.

மேலே கயிற்றில் சகாயராஜ்.
சுத்தியலால் துருவைத் தட்டி உதிர்க்கிறான்,
ஒன்று, ஒன்று, பிறகு
ரெட்டையாக, விடாமல்.
நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டதும்
காதடைப்பானைத் தொட்டுக் காட்டுகிறான்,
போட்டிருக்கேன் சார்.

போட்டுத்தான் இருக்கிறான்.
தலை ஆடுகிறது.